மூன்றாவது பாதை

மூன்று கோடுகளும் ஒன்றாக விழுந்தன. என் மேசைத் திரையில் அவை காலையிலிருந்து பச்சை நிறத்தில், தம்பாட்டில் ஏறியும் இறங்கியும் ஓடிக்கொண்டிருந்தன. அரியாலையில் ஒரு செத்தவீட்டிலிருந்து படத்தையும் குரலையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் மூன்று பாதைகள் அவை. ஒன்று அறுந்தால் மற்றது தாங்கவேண்டும், அதற்காகத்தான் மூன்று. ஆனால் அந்த முற்பகலில், வாய்க்கரிசி போடும் நேரத்தில், மூன்றும் கைகோத்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கியதுபோல ஒரே சாய்வில் கீழே போயின. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அப்படி விழுவதில்லை. அதைத்தான் நான் படித்தேன், அதை அளப்பதுதான் என் வேலை. ஆகவே, படம் நின்றுவிட்டதே என்று பதறுவதற்கு முன்பே எனக்கு வேறொன்று விளங்கிவிட்டது. மச்சாள் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறாள்.

மச்சாள் என் மாமாவின் மகள், அம்மாவின் தமையனுடைய ஒரே பெண்பிள்ளை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நான் கணினி வலையமைப்புப் படித்தேன். அவள் எதையும் முடிக்காமல் எல்லாவற்றையும் படித்தாள். அந்தக் காலத்தில் அவளைப் பற்றி யாராவது என்னைக் கேட்டிருந்தால் இப்படி வரிசைப்படுத்தியிருப்பேன்: எவரோடு கதைக்கத் தொடங்கினாலும் மூன்றாம் வசனத்தில் ஒரு உறவுமுறை கண்டுபிடிப்பாள், ஸ்கூட்டி ஓடும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று கண்ணாடியில் பார்க்கமாட்டாள், என்னை எந்தச் சபையிலும் விட்டுக்கொடுக்கமாட்டாள். மூன்றாவதை இப்போது வெட்டிவிட வேண்டும். ஆனால் அது நெடுங்காலம் உண்மையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் மூக்குக்கண்ணாடியைப் பகிடி பண்ணிய பெட்டைகளின் வீடுவரை போய் சண்டை பிடித்துவிட்டு வந்தவள் அவள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து நேரலை நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது, கொழும்புத்துறை வீதியில் மாமாவின் வீட்டு முன்னறையில். கல்யாணவீடு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீடு, எதுவானாலும் வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் இருந்த இடத்திலிருந்தே பார்க்கும்படி செய்வது எங்கள் தொழில். வீட்டிலிருந்து படம் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு சேர்வருக்குப் போகும். அங்கிருந்து உலகம் முழுதும் பிரியும். கிளவுட் என்றால் என்ன என்று மாமாவுக்கு நான் ஒருநாள் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப வாடகை குடுக்காட்டி உங்கடை மேகம் கலைஞ்சு போயிடும், என்ன?" என்றார். மச்சாள் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப்பார்த்தாள். அவள் வேலை பிடித்து வருவாள், நான் அதை விழாமல் நடத்துவேன். அப்படித்தான் பிரித்திருந்தோம்.

மற்ற நிகழ்ச்சிகளைவிடச் செத்தவீட்டைத்தான் நான் கவனமாகச் செய்தேன். தாலி கட்டும்போது படம் நின்றால் பிறகு காணொளியில் பார்த்துக்கொள்ளலாம், சிரித்துக்கொண்டு மன்னித்துவிடுவார்கள். பெட்டி மூடியபின் என்ன செய்வது? ஆகவே சில விதிகளை வைத்தேன். முதலாவது, சேவை இயங்குகிறதா என்பதைச் சேர்வரில் நின்று பார்க்கக்கூடாது, தூரத்தில் பார்க்கிறவர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். சிங்கப்பூரில் சேர்வர் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். பரிஸ் நகரில் இருக்கிற ஒரு மகனுக்குத் தாயின் முகம் தெரிந்ததா என்பதுதான் கேள்வி. இரண்டாவது, வெறும் வீட்டில் செய்கிற சோதனையை நம்பக்கூடாது. முதல்நாள் பின்னேரம் நாங்கள் போய்ச் சோதிக்கும்போது ஒழுங்கையில் நாய்கூட இராது, வேகம் பறக்கும். மறுநாள் ஊரே திரண்டு வந்து, வந்தவர்கள் எல்லோரும் கையைத் தூக்கித் தங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வீடியோ அழைப்பு எடுப்பார்கள். கனடாவுக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று, அதைப் பார்த்துப் பக்கத்தில் நிற்பவர் சுவிசுக்கு ஒன்று. அத்தனையும் ஊரில் இருக்கும் ஒரே தொலைபேசிக் கோபுரத்தில் போய் இடிபடும். இப்படி ஒரு நெருக்கடியை நான் படித்த புத்தகங்களில் யாரும் எழுதியதில்லை. எங்கள் சனத்தின் செத்தவீட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது விதி அதிலிருந்து வந்தது. நாங்கள் இரண்டு கொம்பனிகளின் சிம் பாவித்தோம். ஒன்று போனால் மற்றது இருக்கிறது என்று மச்சாள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வாள். ஆனால் அரியாலையில் இரண்டு கொம்பனியும் தங்கள் கருவிகளை ஒரே கோபுரத்தில்தான் பூட்டியிருந்தார்கள். "ஒரு பனையிலை கட்டின ரெண்டு கள்ளுமுட்டி, மச்சாள்" என்று சொன்னேன். "பனை விழுந்தால் ரெண்டும் உடையும். மூண்டாவதை வேறை மரத்திலை கட்டவேணும்." அதாவது, பக்கத்தில் வயர்வழி இணைப்பு உள்ள ஒரு வீட்டைப் பிடித்து, அங்கிருந்து செத்தவீட்டுக்குக் கேபிள் இழுக்கவேண்டும். அவளுக்கு அந்த உவமை பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு வேலையின்போதும், "எடி, வேறை மரம் பாத்தாச்சோ?" என்று அவளே கேட்பாள்.

அரியாலையில் செத்தது ஊருக்கெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்த ஒரு மருத்துவிச்சி அம்மா. அவர் கையில் விழாத தலைகள் அந்தப் பக்கத்தில் குறைவு. ஆகவே சனம் எவ்வளவு வரும் என்பது தெரிந்ததுதான். ஒரே மகன் பரிஸ் நகரில். அவருடைய அகதி வழக்கு முடியவில்லை, வெளியே வந்தால் திரும்பிப் போகமுடியாது. கொள்ளி வைக்க ஒரு பெறாமகன், தங்கச்சியின் பிள்ளை, இருந்தான். மகன் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பெட்டி மூடமுதல், வாய்க்கரிசி போடும் நேரத்தில், தன் குரலைத் தாயின் தலைமாட்டில் கேட்கச் செய்யவேண்டும். "எனக்கு அவவோடை கொஞ்சம் கதைக்கக் கிடக்கு, தங்கச்சி. கன வருசமாச் சொல்லாமல் விட்டது. ஒரு ரெண்டு நிமிசம். அந்த ரெண்டு நிமிசம் நிக்காமல் இருக்குமோ?"

அப்படியான கேள்விக்கு நான் வழக்கமாக நேரே மறுமொழி சொல்வதில்லை. இன்ன இன்னது நடந்தால் இன்னது நடக்கும் என்றுதான் சொல்வேன். அன்று மச்சாளைப் பார்த்தேன். அவள் விரலால் மூன்று என்று காட்டித் தலையாட்டினாள். மூன்றாவது பாதைக்கு எதிர்வீட்டுக்காரரோடு கதைத்துவிட்டாள், விடியவே தானே போய் இழுப்பாள். நான் தொலைபேசியில், "நிக்காது அண்ணை. நான் பொறுப்பு" என்றேன். தொழில் தொடங்கிய நாள்முதல் நான் அப்படி ஒரு வசனத்தைச் சொன்னது அதுதான் முதல்தடவை. என்னுடைய சொல்லென்று கொடுத்ததன் அடியில் இருந்தது அவளுடைய சொல்.

மறுநாள் காலையில் அவள் அரியாலையிலிருந்து அழைப்பெடுத்தாள். பின்னால் பறை அடிக்கும் சத்தம் கேட்டது. "இழுத்தாச்சடி. மூண்டும் வருதோ, பார்." பார்த்தேன். மூன்றும் பச்சை. "வேறை மரந்தானே?" என்றேன். "ஓமடி ஓம், வேறை மரந்தான்" என்றாள். அவள் குரலில் ஒரு சிறு தடக்கல்கூட இருக்கவில்லை. இப்போதும் அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப நினைத்துப்பார்க்கிறேன், எங்காவது ஓரிடத்தில் நான் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரு மாற்றம் இருந்ததா என்று. இல்லை. என்னிடம் உண்மை சொன்னபோதெல்லாம் எப்படிக் கதைத்தாளோ அப்படியேதான் பொய்யையும் கதைத்தாள்.

கோடுகள் விழுந்தவுடன் அவளுக்கு அழைப்பெடுத்தேன், அவள் எடுக்கவில்லை. அங்கே நின்ற எங்கள் கமராக்கார அண்ணைக்கு எடுத்தேன், கோபுரம் நெரிந்து கிடந்ததால் அழைப்பே போகவில்லை. என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அரியாலைக்கு ஓடினேன். நான் போனபோது பெட்டி போய்விட்டது. பெண்கள் வாசல் படலையோடு நின்று அழுது முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கமராக்கார அண்ணை வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழும்பினார்.

"தங்கச்சி, அந்தாள் 'அம்மா' எண்டு கூப்பிட்டது கேட்டது. அதோடை சரி. ரவுட்டர் பெட்டியைத் தட்டினன், ஸ்பீக்கரைத் தட்டினன், ஒண்டும் வரேல்லை. ஐயர் நேரம் போகுது எண்டிட்டார்."

"எதிர்வீட்டுக் கேபிள் என்ன நடந்தது?"

"எந்தக் கேபிள்? மச்சாள் ஒரு சிம் டொங்கிளைத் தந்து, இதை மூண்டாவது ஓட்டையிலை குத்தண்ணை எண்டிட்டு இணுவிலுக்கு ஓடினவா. அங்கை சாமத்தியவீடெல்லோ."

மூன்றாவது ஓட்டையில் இன்னொரு சிம். அதே கோபுரம். நான் தூரத்திலிருந்து என்னத்தைப் பார்ப்பேன், எது பச்சையாக இருந்தால் எழும்பி வராமல் இருப்பேன் என்பது உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரியாத ஒருவர் ஏமாற்றியிருந்தால் வேறு எங்காவது பிடிபட்டிருப்பார். இது என் அளவுக்கு வெட்டித் தைத்த சட்டைபோல இருந்தது.

வெளியே வரும்போது செத்தவரின் தங்கச்சி, அந்த மகனுக்குச் சித்தி, என் கையைப் பிடித்தார். அவர்தான் வாய்க்கரிசி போட்டவர். "அரிசியைக் கையிலை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டனான், பிள்ளை. அவன்ரை குரல் வரும் வரும் எண்டு. என்ன சொல்ல இருந்தவன் எண்டு உங்களிட்டைச் சொன்னவனோ?" இல்லை என்று தலையாட்டினேன். அவர் கையை விட்டுவிட்டார்.

மச்சாள் பின்னேரம் முன்னறைக்கு வந்தாள். கடதாசியில் சுற்றிய சாமத்தியவீட்டுப் பலகாரச் சரை ஒன்றை என் மேசையில் வைத்தாள்.

"என்னடி, முகத்தை உப்பி வைச்சிருக்கிறாய்? தின்."

"கேபிள் எங்கை, மச்சாள்?"

அவள் ஹெல்மெற்றைக் கழற்றினாள். "இணுவிலுக்குக் கொண்டுபோனனான். அங்கை மண்டபத்தின்ரை லைன் செத்துப்போச்சு. கனடாவிலையிருந்து வந்த பெரிய இடம். பிசகினால் ஊரெல்லாம் கதைக்கும். என்ன செய்யச் சொல்லுறாய்?"

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் விட்டிருப்பியே?"

"விட்டிருக்கமாட்டன்."

"அதுதான் சொல்லேல்லை."

"மூண்டாவதா அந்த சிம்மை ஏன் குத்தினனீ?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவும் பார்த்தாள். "உனக்கு மூண்டு பச்சை காட்டாட்டி நிம்மதி இல்லையே. அதுதான் மூண்டு பச்சை காட்டினனான்."

பிறகு தன் தொலைபேசியை என் பக்கம் திருப்பினாள். அந்த மகனுக்கு அவள் ஏற்கனவே செய்தி அனுப்பியிருந்தாள்: எங்கள் சேவை ஒரு நிமிடமும் தடைப்படவில்லை, அளவீட்டை இணைத்திருக்கிறோம். இணைத்திருந்தது நான் எடுத்த அளவீடு, சிங்கப்பூர்ச் சேர்வருடையது. அதற்குக் கீழே என் பெயர். அதில் ஒரு எண்ணும் பொய்யில்லை. சேர்வர் உண்மையிலேயே நிற்கவில்லை. எந்த முனையில் நின்று அளக்கவே கூடாது என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டேயிருந்தேனோ, அந்த முனையில் அளந்ததை எடுத்து, என் பெயரையும் போட்டு அனுப்பியிருந்தாள். அதற்கும் கீழே அவருடைய மறுமொழி இருந்தது: மிக்க நன்றி.

"பாத்தியே? மனுசன் நன்றி சொல்லியிருக்கு" என்றாள். "ஒண்டும் தெரியாது அவருக்கு. நீ சும்மா இரு."

தெரியாமல் எப்படி இருக்கும் என்று நான் கேட்பதற்குள் என் தொலைபேசி அடித்தது. அவர்தான்.

"உங்களுக்கு நேரை நன்றி சொல்லவேணும் எண்டுதான் எடுத்தனான், தங்கச்சி" என்றார். அழுது களைத்த, இளகிய குரல். "நான் கதைக்கேக்கை பறையைக்கூட நிப்பாட்டிப் போட்டினம். ஒரு சத்தம் இல்லை. சித்தி அரிசியோடை தூக்கின கையைக் கீழை விடாமல் அப்பிடியே நிண்டவா. ஒரு சனம் அசையேல்லை. எனக்காண்டி எவ்வளவு பொறுமையா நிண்டினம். நான் சொல்லவேண்டியதெல்லாம் ஆறுதலாச் சொன்னனான்."

படம் இடையில் நின்றால் கடைசியாக வந்த படத்தையே வைத்திருக்கும்படி நாங்கள் செய்திருந்தோம். சில நொடி இடைவெளிக்கு அது நல்ல ஏற்பாடு. அதற்குமேல் நீண்டால் தொடர்பு இல்லை என்று எழுத்து விழவேண்டும் என்பது என் ஒழுங்கு. செத்தவீட்டில் அந்த எழுத்து அவலட்சணமாக இருக்கிறதென்று மச்சாள் அதை எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டிருந்தாள். ஆகவே அவருக்குத் தெரிந்தது உறைந்துபோன ஒரு படம். தாயின் முகம் எப்படியும் அசையப்போவதில்லை. மற்றவர்கள் அசையாததை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

எதிரே மச்சாள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, சொல்லாதே, சொல்லாதே என்று வாயசைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதருக்காகவும் கொஞ்சம் கலங்கியிருக்கலாம், அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் நான் அங்கே நின்ற நிலையை யார் உண்டாக்கினார்? உண்மையைச் சொன்னால் அவருடைய ஆறுதலைப் பிடுங்கவேண்டும். சொல்லாவிட்டால், இனிமேல் நான் எதை அளந்து எவருக்கு என்ன சொன்னாலும் அது இந்த நன்றியின்மேல்தான் நிற்கும். அதோடு சித்தி இருக்கிறார், இன்றைக்கோ நாளைக்கோ அவரிடம், நீ என்னடா சொல்ல இருந்தனீ என்று கேட்கத்தான் போகிறார். அந்த மகன் அதை அப்படி அறியக்கூடாது.

சொன்னேன். மூன்று பாதையும் ஒரே கோபுரத்தில் இருந்ததையும், நான் வேறு பாதை என்று நம்பிச் சொன்னதையும், அவர் கண்டது நின்றுபோன படம் என்பதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். 'அம்மா' என்று கூப்பிட்டது கேட்டது, அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"அப்ப நான் சொன்னது எங்கை, தங்கச்சி?"

"சேர்வர்வரைக்கும் வந்திருக்கு அண்ணை. அங்கை பதிவிலை நிக்குது."

"ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"இல்லை."

"நீங்கள்?"

"கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன்."

"உங்களை நம்பாமல் விட்டிருந்தால் சித்தியின்ரை காதிலை சொல்லியிருப்பன்" என்றார். "அவ அம்மாவின்ரை காதிலை சொல்லியிருப்பா. அதை அழிச்சுவிடுங்கோ." அவ்வளவுதான். நான் அழித்தேன். மச்சாள் என் தோளுக்குமேலாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். முடிந்தபின், "இப்ப உனக்குச் சுகமோ?" என்று கேட்டாள்.

அந்தக் கிழமையே நான் விலகினேன். வீட்டில் காரணம் கேட்டார்கள். தொழில் ஒத்துவரவில்லை என்றேன். எங்கள் குடும்பத்தில் மச்சாள்மார் கோபித்துக்கொண்டால் மூன்று ஊருக்குத் தெரிந்துவிடும், எங்களுடையது தெரியவில்லை, ஏனென்றால் நாங்கள் கதைப்பதை நிறுத்தவில்லை. கோயிலில் கண்டால் சிரிப்போம். கல்யாணவீட்டில் அவள் என் இலைக்கு வடை வைப்பாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் இப்போது வேறிடத்தில், மற்றவர்களுடைய வலையமைப்புகள் எங்கே சேர்ந்து விழும் என்று தேடிச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். இரண்டு வயர் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவை இரண்டும் எந்த எந்தத் தூணால் வருகின்றன என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவேன். இது நல்ல பழக்கம் என்று மேலதிகாரி சொல்கிறார். வீட்டில் அம்மா, அடுப்பை நிற்பாட்டிவிட்டேன் என்று சொன்னாலும் எழும்பிப் போய்ப் பார்க்கிறேன். இதை யாரும் நல்ல பழக்கம் என்று சொல்லவில்லை.

இந்த வருடம் மாசியில் மாமா செத்துப்போனார். மச்சாளின் தம்பி இங்கிலாந்தில், விசா இன்னும் கைக்கு வரவில்லை. நான் போனபோது மச்சாள் கூடத்தில் தகப்பனின் காலடியில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, சனத்தை விலக்கிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்கடை ஆக்கள் கமரா, லைன் எல்லாம் பூட்டியிருக்கினம்" என்றாள். "ஆனால் நீ ஒருக்கால் பாரடி. தம்பி அப்பாவைக் கடைசியாப் பாக்கவேணும். உன்னைத் தவிர ஒருத்தரையும் நம்பேலாது."

அதைச் சொன்னபோது அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நானும் உறைக்கவைக்க நினைக்கவில்லை, மாமா அங்கே கிடந்தார். எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டேன். முருங்கையில் கொழுவி, மதிலுக்குமேலால் கேபிளை நானே இழுத்துக்கொண்டு வந்தேன். கமராவைக் கொஞ்சம் திருப்பி, தலைமாட்டுக் குத்துவிளக்கின் சுடரும் படத்துக்குள் வரும்படி வைத்தேன். படம் நின்றால் சுடர் நிற்கும், பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். தம்பிக்கு அழைப்பெடுத்து, "விளக்கு ஆடுதோ?" என்று கேட்டேன். "ஆடுது" என்றான். இரண்டு சிம்மையும் கழற்றிவிட்டுத் திரும்பவும் கேட்டேன். "ஆடுது, ஆடுது" என்றான்.

மச்சாள் தூணைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். "சரியோ?" என்றாள்.

"சரி" என்றேன்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. கேபிள் எங்கே வருகிறது என்று கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, திரும்பிப் போய்த் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டாள். ஒருவர் சொன்ன சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டு திரும்பிப் போவது எவ்வளவு சுகமான காரியம் என்பது, அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.